சோப்பு டப்பா முதல் சாக்ஸ் வரை: பை கட்டுவது பற்றிக் கேள்வி பதில்

ராணுவப் பயிற்சி முகாமுக்குப் புதிதாக வருபவர்களின் பையை முதல் நாள் திறந்து பார்த்து, 'இது இருக்கட்டும், அது வேண்டாம்' என்று பிரித்து வைக்கும் வேலையில் இருந்தவன் நான். முகாம் பற்றி மட்டுமல்ல, பயணம் பற்றியும் கேள்விகள் வந்தன. அவற்றில் ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: முதல் தடவை விமானத்தில் போகிறேன் சார். 200 மில்லி ஷாம்பூ பாட்டிலில் கால்வாசிதான் மிச்சம் இருக்கிறது. கைப்பையில் விடுவார்களா?

விட மாட்டார்கள். உள்ளே எவ்வளவு இருக்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை. பாட்டிலின் மேல் அச்சிட்ட கொள்ளளவுதான் கணக்கு. 2006 ஆகஸ்டில், திரவ வெடிபொருளால் விமானங்களைத் தகர்க்கும் சதி ஒன்று பிரிட்டனில் பிடிபட்டது. அதற்குப் பிறகு வந்த விதி இது: ஒவ்வொரு பாட்டிலும் 100 மில்லிக்குள், எல்லாம் சேர்ந்து ஒரு லிட்டர் பிடிக்கும் ஜிப் கவருக்குள், உள்ளே இருப்பது வெளியே தெரிய வேண்டும், ஆளுக்கு ஒரு கவர்தான். பேஸ்ட், ஜெல், க்ரீம், ஷேவிங் நுரை எல்லாமே திரவக் கணக்குதான். சில விமான நிலையங்களில் புதிய ஸ்கேனர்கள் வந்து இந்த விதியைத் தளர்த்தியிருக்கிறார்கள். ஆனால் நீங்கள் திரும்பி வரும் நிலையமும் அப்படியே இருக்கும் என்று நம்பி வாங்கிக் குவிக்காதீர்கள்.

கட்டி சோப்பு இந்தக் கணக்கில் வராது. கட்டி ஷாம்பூவும் அப்படித்தான். என்னைக் கேட்டால், பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும். பயணத்துக்குத் தேவையான திரவ மருந்துக்கும், குழந்தைக்கான பாலுக்கும் விலக்கு உண்டு. அவற்றைத் தனியாக எடுத்துக் காட்ட வேண்டும், மருந்துச் சீட்டு கையில் இருக்க வேண்டும்.

கேள்வி: எவ்வளவு இறுக்கி மூடினாலும் பெட்டிக்குள் லோஷன் கொட்டிவிடுகிறது. பாட்டில் மட்டமா, நான் மூடுவது சரியில்லையா?

இரண்டும் இல்லை, பாட்டிலுக்குள் இருக்கும் காற்றுதான் காரணம். பறக்கும்போது விமானத்துக்குள் இருக்கும் காற்றழுத்தம் தரையில் இருப்பதுபோல் இருக்காது. 6,000 முதல் 8,000 அடி உயரத்தில் உள்ள மலையில் இருப்பதற்குச் சமம். வெளியே அழுத்தம் குறையும்போது பாட்டிலில் அடைபட்ட காற்று விரிந்து லோஷனை வெளியே தள்ளும். அதனால் பிளாஸ்டிக் பாட்டிலை லேசாக அமுக்கிக் காற்றை வெளியேற்றிவிட்டு, அமுக்கியபடியே மூடுங்கள். மூடியைக் கழற்றி, வாயின் மேல் சின்ன பிளாஸ்டிக் துண்டு ஒன்றை வைத்துத் திருகினால் இன்னும் நல்லது. எப்படியும் ஒரு கவருக்குள் போட்டுவிடுங்கள்.

கேள்வி: ரேசர், பவர் பேங்க் இரண்டும் எதில் போக வேண்டும்?

பவர் பேங்க் கைப்பையில் மட்டும்தான், ஏறும் முன் விமான நிறுவனத்திடம் ஒப்படைக்கும் செக்-இன் பெட்டியில் வைக்கவே கூடாது. லித்தியம் பேட்டரி தீப்பிடித்தால் ஆள் இருக்கும் இடத்தில்தான் அணைக்க முடியும். பொதுவாக 100 வாட்-ஹவர் (பேட்டரியில் அடங்கும் மின்சக்தியின் அளவு, Wh) வரை அனுமதி கேட்கத் தேவையில்லை. 160 வரை விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும். உங்கள் பவர் பேங்கில் எம்.ஏ.ஹெச். (mAh) மட்டும் போட்டிருந்தால் அதை 3.7 ஆல் பெருக்கி 1,000 ஆல் வகுங்கள். 20,000 என்றால் 74 வரும், கவலையில்லை.

ரேசரில் பிளேடு தனியாகக் கழன்று வருமானால் அந்த பிளேடு செக்-இன் பெட்டிக்குப் போக வேண்டும். பிளேடு தலையோடு பதிந்தே வரும் கார்ட்ரிட்ஜ் ரேசரையும் மின்சார ஷேவரையும் பெரும்பாலான இடங்களில் கைப்பையில் விடுகிறார்கள். அப்புறம், முகாமில் நண்பனின் ரேசரைக் கடன் வாங்காதீர்கள். கண்ணுக்குத் தெரியாத கீறல் போதும், கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் பி, சி இரண்டும் அந்த வழியில் தொற்றக்கூடும்.

கேள்வி: அண்ணா, அடுத்த மாதம் பயிற்சிக்குச் சேர்கிறேன். என்னென்ன எடுத்துக்கொள்ள வேண்டும்?

சேரும் உத்தரவோடு ஒரு பட்டியல் வந்திருக்குமே தம்பி, முதலில் அதை வரி விடாமல் படியுங்கள். அதில் 'வேண்டாம்' என்று போட்டதை எடுத்துப் போனால் வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள்.

பட்டியலில் பெரும்பாலும் இல்லாத, ஆனால் எல்லோரும் தேடும் சாமான்களைச் சொல்கிறேன். ஊசி நூல், நாலைந்து ஊக்கு, நெயில் கட்டர், அழியாத மை பேனா. சாக்ஸ் முதல் சோப்பு டப்பா வரை எல்லாவற்றிலும் பெயர் எழுதுங்கள். துவைத்துக் காயப்போடும் இடத்தில் எல்லோருடைய பனியனும் ஒரே பனியன்தான். குளியலறைக்கு ரப்பர் செருப்பு கட்டாயம். பலர் குளிக்கும் ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்றால் விரலிடுக்கில் பூஞ்சை பிடிக்கும். துண்டு மெல்லியதாக, சீக்கிரம் காய்வதாக இருக்கட்டும். வீட்டிலிருந்து கொண்டுபோகும் தடித்த டர்க்கி டவல் மறுநாள் காலையிலும் ஈரமாகவே இருக்கும், மூன்றாம் நாள் நாறும்.

சோப்பு டப்பா அடியில் ஓட்டை உள்ளதாகப் பாருங்கள். முழு சோப்பு வேண்டாம், பாதியாக வெட்டிப் போடுங்கள், இல்லையென்றால் டப்பாவில் கூழாகிவிடும். டூத் பிரஷ்ஷுக்கு மூடி போடுவதானால் அதிலும் காற்றோட்ட ஓட்டை வேண்டும்.

எல்லாவற்றையும் ஒரே பையில் திணிக்காதீர்கள். காலை எழுந்ததும் தேவைப்படுபவை ஒரு கவர், குளியலுக்கு ஒன்று, காயம் பட்டால் எடுக்க ஒன்று. இருட்டில் விளக்குப் போடாமல், கையால் தடவியே பேஸ்ட்டை எடுக்க முடிகிறதா என்று வீட்டிலேயே பழகிப் பாருங்கள்.

கேள்வி: நீண்ட நடைப் பயிற்சியில் கால் கொப்புளித்தே பாதிப்பேர் விழுந்துவிடுகிறார்களாமே, உண்மையா?

பாதிப்பேர் என்பது அதிகம். ஆனால் உடம்பில் தெம்பு இருந்தும் பாதத்தால் பின்தங்கியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். மற்ற எதில் மிச்சம் பிடித்தாலும் சாக்ஸில் பிடிக்காதீர்கள்.

கொப்புளம் வர மூன்று சேர வேண்டும்: ஈரம், சூடு, உரசல். பருத்தி சாக்ஸ் வியர்வையை உறிஞ்சி அங்கேயே வைத்துக்கொள்ளும், ஊறிய தோல் சுலபத்தில் பிய்யும். கம்பளி அல்லது செயற்கை நூல் கலந்த சாக்ஸ் எடுங்கள். உள்ளே மெல்லியதாக ஒன்று, மேலே தடித்ததாக ஒன்று என்று போட்டால், உரசல் தோலில் விழாமல் இரண்டு துணிக்கும் நடுவில் போகும். ஒரு ஜோடி எப்போதும் தண்ணீர் புகாத கவரில் காய்ந்திருக்க வேண்டும். ஓய்வு கிடைத்ததும் பூட்ஸைக் கழற்றி, விரலிடுக்கைத் துடைத்து, அதை மாற்றிக்கொள்ளுங்கள். புது பூட்ஸோடு முகாமுக்குப் போகவே கூடாது. சேர்வதற்குச் சில வாரங்கள் முன்பிருந்தே அதைப் போட்டு நடந்து பழக்குங்கள். நகத்தை ஓரம் வளைக்காமல் நேராக வெட்டுங்கள், இல்லாவிட்டால் சதைக்குள் வளரும்.

நடக்கும்போது ஓரிடம் சுடுகிறது, சிவக்கிறது என்றால் அப்போதே நின்று பிளாஸ்திரி ஒட்ட வேண்டும். 'முடிந்த பிறகு பார்க்கலாம்' என்றால் வீங்கிவிடும். சின்ன கொப்புளத்தை உடைக்காதீர்கள். பெரிதாகி நடக்கவே முடியவில்லையென்றால், கை கழுவி, சுத்தம் செய்த ஊசியால் ஓரத்தில் குத்தி நீரை வடியவிட்டு மூடிக் கட்டுங்கள். மேல் தோலை மட்டும் உரிக்க வேண்டாம், அடியில் இருக்கும் புண்ணுக்கு அதுதான் காப்பு. சர்க்கரை நோய் உள்ளவர்கள் தாங்களாகக் குத்தவே கூடாது.

கேள்வி: கான்டாக்ட் லென்ஸ் போடுகிறேன். முகாமில் சமாளிக்கலாமா?

மூக்குக் கண்ணாடியே எடுத்துக்கொள்ளுங்கள், இரண்டு. தூசியிலும் வியர்வையிலும் கையைச் சுத்தமாக வைத்து லென்ஸ் மாற்றுவது நடக்காத காரியம். குழாய்த் தண்ணீரில் லென்ஸைக் கழுவுவது ஆபத்து. அந்தத் தண்ணீரில் இருக்கக்கூடிய அகாந்தமீபா என்ற அமீபா கருவிழியில் தொற்றினால் பார்வையே போகலாம்.

கேள்வி: பெண்கள் கூடுதலாக என்ன எடுக்க வேண்டும் சார்? கேட்கக் கூச்சமாக இருக்கிறது.

கூச்சமே வேண்டாம் அம்மா. வழக்கமாக ஆவதைவிடக் கூடுதலாகவே நாப்கின் எடுத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் கடும் உடற்பயிற்சியில் மாதவிடாய் தள்ளியும் போகலாம், நினையாத நாளிலும் வரலாம். அப்புறப்படுத்த காகிதப் பையும் வையுங்கள். மாதவிடாய்க் கப் பயன்படுத்திப் பழகியிருந்தால் சரி. முகாமில் போய்ப் பழகலாம் என்று நினைக்காதீர்கள். ஹேர்பின்னும் ரப்பர் பேண்டும் எத்தனை எடுத்தாலும் தீர்ந்துவிடும்.

கேள்வி: சன்ஸ்கிரீன், கொசு விரட்டி க்ரீம் எது முதலில்?

சன்ஸ்கிரீன் முதலில், அது தோலில் படிந்த பிறகு விரட்டி. சன்ஸ்கிரீனை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி பூச வேண்டும். விரட்டியில் 'டீட்' (DEET) என்ற ரசாயனம் இருந்தால் கடிகாரம், கண்ணாடிச் சட்டம் போன்ற பிளாஸ்டிக்கில் படாமல் பாருங்கள், அது பிளாஸ்டிக்கைக் கரைக்கும்.

கேள்வி: உடம்பு வலிக்கு ஐபுபுரூஃபன் அட்டை எடுத்துப் போகலாமா?

முகாம் மருத்துவரிடம் சொல்லாமல் விழுங்க வேண்டாம். தண்ணீர் வற்றிய உடம்பில் அது சிறுநீரகத்தைப் பாதிக்கும். வலியை மறைத்து, எலும்பில் விழுந்த விரிசலோடு ஓடவும் வைத்துவிடும். தினசரி மருந்து சாப்பிடுபவர்கள் அட்டையைக் கிழிக்காமல், பெயர் தெரியும்படி, மருந்துச் சீட்டோடு எடுத்துப் போங்கள்.

கேள்வி: பெட்டிக்கு நம்பர் பூட்டா, சாவிப் பூட்டா?

முகாமில் சாவிப் பூட்டுதான் என் கட்சி. இருட்டில், விரல் மரத்த நேரத்தில் நம்பரைத் திருப்பிப் பாருங்கள், புரியும். ஒரு சாவியைக் கழுத்துக் கயிற்றில் போடுங்கள், மற்றதை வேறொரு பையில் வையுங்கள். அந்தப் பெட்டிக்குள்ளேயே வைத்துப் பூட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், அதனால்தான் சொல்கிறேன்.