நீலகிரியில் எடுத்த பைக் லைசென்ஸ் லண்டனில் செல்லுமா?

கோத்தகிரியில் எட்டு வருஷம் புல்லட் ஓட்டியிருக்கிறேன், லண்டனுக்குக் குடிபோனால் இந்த லைசென்ஸே போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போதும், ஆனால் 12 மாதம்தான். அங்கே குடியேறிய நாளிலிருந்து கணக்கு. இந்திய லைசென்ஸைக் கொடுத்து அவர்களுடையதாக மாற்றிக்கொள்ள வழியில்லை. புரொவிஷனல் லைசென்ஸ் என்கிற பழகுநர் லைசென்ஸ், சிபிடி என்கிற அடிப்படைப் பயிற்சி, தியரி தேர்வு, அப்புறம் இரண்டு கட்ட ஓட்டுத் தேர்வு என்று முதலிலிருந்து வர வேண்டும். புல்லட் மாதிரி பெரிய வண்டிக்கெல்லாம் சிபிடி மட்டும் போதாது.

கல்லட்டியின் 36 கொண்டை ஊசி வளைவுகளில் மூடுபனியில் இறங்கிய கைதான் உங்களுடையது. ஆனாலும் ஓட்டுத் தேர்வின் முதல் கட்டத்தை லேசாக எண்ணாதீர்கள். ஊர்கிற வேகத்தில், கால் ஊன்றாமல், யூ டர்ன் அடிக்க வேண்டும். அதைக் கிளம்பும் முன்பே ஏதாவது ஒரு காலி மைதானத்தில் பழகிவிடுங்கள்.