வணிக ஒப்பந்தத்தில் சம ஊதியம் எப்படி நுழைந்தது?

1957இல் ஆறு ஐரோப்பிய நாடுகள், தங்களுக்குள் சுங்கவரி இல்லாத பொதுச் சந்தைக்காகப் போட்ட ரோம் ஒப்பந்தத்தில் ஆண், பெண் சம ஊதியம் எதற்கு என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் பணக் கணக்குதான். பிரான்சில் சம ஊதியச் சட்டம் ஏற்கெனவே இருந்தது. சுங்கவரி நீங்கினால், பெண்களுக்குக் குறைந்த கூலி கொடுக்கும் பக்கத்து நாட்டு ஆலைகள் தன் துணித் தொழிலைச் சாய்த்துவிடும் என்று பிரான்ஸ் அஞ்சியது. அதனால் வந்தது, சம ஊதியத்தைச் சொல்லும் 119ஆவது பிரிவு.

அப்புறம் அந்தப் பிரிவு பல வருடம் தாளிலேயே கிடந்தது. பெல்ஜிய விமானப் பணிப்பெண் கேப்ரியல் டெஃப்ரென் வழக்கில்தான், 1976இல், உள்நாட்டு நீதிமன்றத்திலேயே அதைக் காட்டி ஊதியம் கேட்கலாம் என்று ஐரோப்பிய நீதிமன்றம் சொன்னது. ஆனால் பழைய பாக்கி, ஏற்கெனவே வழக்குப் போட்டவர்களுக்கு மட்டுமே! எல்லாருக்கும் கொடுத்தால் செலவு தாங்காது என்று பிரிட்டனும் அயர்லாந்தும் வாதாடியிருந்தன. நீதிமன்றமும் அதற்குக் காதுகொடுத்தது.