கிரிப்டோ காசு: நம்ம ஊர்க் கேள்விகளுக்குப் பதில்

பண்டாரவளையிலிருந்து எழுதுகிறேன். துபாயில் ஏழு வருஷம் கணக்குப் பிரிவில் வேலை பார்த்தேன். முதல் முதலாக பிட்கொயின், அதாவது இணையத்தில் மட்டும் இருக்கும் ஒரு கிரிப்டோ காசு, வாங்கியதும் அங்கேதான். ஊருக்கு வந்த பிறகு தெரிந்தவர்களும் அவர்களுக்குத் தெரிந்தவர்களும் இதைப் பற்றி என்னிடம் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். சேர்ந்துபோன கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். பேர்களை எடுத்துவிட்டு ஊரை மட்டும் போட்டிருக்கிறேன்.

தலவாக்கலை: அக்கா, இலங்கையில் பிட்கொயின் வாங்குவது சட்டப்படி சரியா? ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள்.

தம்பி, வைத்திருப்பதே குற்றம் என்று சொல்லும் சட்டம் இல்லை. ஆனால் அது நம் நாட்டில் செல்லுபடியாகும் பணமும் இல்லை. மத்திய வங்கி 2018இலிருந்து பல தடவை எச்சரித்திருக்கிறது. இந்த வியாபாரம் நடத்த யாருக்கும் உரிமம் கொடுக்கவில்லை என்றும் அந்த அறிவித்தல்களில் சொல்லியிருக்கிறது. 2017ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க வெளிநாட்டுச் செலாவணிச் சட்டத்தின் கீழ் வந்த பணிப்புரைப்படி, டெபிட் கார்டாலோ கிரெடிட் கார்டாலோ கிரிப்டோவுக்குக் காசு கட்ட அனுமதி இல்லை. அதனால்தான் இங்கே பெரும்பாலும் பீ-டூ-பீ, அதாவது ஒரு ஆள் இன்னொரு ஆளிடம் நேரடியாக வாங்குவது நடக்கிறது. அதில் பிரச்சினை வந்தால் போய் நிற்க ஒரு கவுன்டர் கிடையாது.

விலையையும் பார். 2021 நவம்பரில் ஒரு பிட்கொயின் 69,000 டொலர் வரை போனது. சரியாக ஒரு வருஷத்தில் 16,000 டொலருக்கு வந்தது. முழுக்கப் போனாலும் வீட்டில் அடுப்பு எரியும் என்கிற தொகைக்கு மேல் இதில் போடாதே. கடன் வாங்கியோ நகையை அடகு வைத்தோ வேண்டவே வேண்டாம்.

பொகவந்தலாவை: அம்மாவுக்கு இப்போதுதான் ஈ.பி.எஃப்., அதாவது ஊழியர் சேமலாப நிதிக் காசு கிடைத்தது. பக்கத்து டிவிஷன் அண்ணன் ஒருவர் கிரிப்டோ ஆப் ஒன்றில் போடச் சொல்கிறார். தினமும் 2 சதவீதம் ஏறுமாம். இரண்டு பேரைச் சேர்த்தால் போனஸ். அவருக்கு உண்மையாகவே காசு வந்திருக்கிறது, நான் பார்த்தேன். போடலாமா?

தங்கச்சி, போடாதே. இந்தப் பக்கத்தில் வேறு எதையும் படிக்காவிட்டாலும் இதை மட்டும் அம்மாவுக்கு வாசித்துக் காட்டு.

தினமும் 2 சதவீதம் கூட்டிக்கொண்டே போனால் ஒரு லட்சம் ரூபாய் ஒரு வருஷத்தில் ஒரு கோடியைத் தாண்டும். கல்குலேட்டரில் நீயே போட்டுப் பார். அப்படி ஒரு தொழில் இருந்தால், அதை நடத்துகிறவர்கள் தோட்டத்து அம்மாமாரின் ஈ.பி.எஃப். காசைத் தேடி வரவேண்டிய அவசியம் என்ன?

அந்த அண்ணனுக்குக் காசு வந்தது உண்மைதான். அது அவருக்குப் பின்னால் சேர்ந்தவர்களின் காசு. ஆரம்பத்தில் கொடுப்பார்கள். கொடுத்தால்தானே தோட்டத்து லயன் வீடுகள் முழுக்கப் பேச்சு பரவும். இது பிரமிட். 1988ஆம் ஆண்டின் 30ஆம் இலக்க வங்கித்தொழில் சட்டத்தின் 83சி பிரிவு பிரமிட் திட்டத்தைத் தடை செய்கிறது. நடத்துவது மட்டும் இல்லை, ஆள் சேர்த்துக் கொடுப்பதும் குற்றம். இரண்டு பேரைச் சேர்க்கிற நாள் முதல் நீயும் அதற்குள் வந்துவிடுவாய். தடை செய்யப்பட்டவற்றின் பேர்களை மத்திய வங்கி வெளியிட்டிருக்கிறது. ஒன்மெக்ஸ்டிடி, எம்டிஎஃப்இ என்ற இரண்டு ஆப்களும் அதில் இருக்கின்றன. எம்டிஎஃப்இ 2023 ஆகஸ்டில் விழுந்தபோது இங்கும் பங்களாதேஷிலும் எத்தனையோ வீடுகள் காசை இழந்தன. போன் திரையில் லாபம் தெரிந்தது. கைக்கு எடுக்கத்தான் முடியவில்லை.

இன்னொன்று சொல்கிறேன். 'காசை எடுக்க முதலில் வரி கட்டுங்கள்' என்று எந்த ஆப் கேட்டாலும் அந்தக் காசு ஏற்கனவே போய்விட்டது. வரியையும் சேர்த்துக் கொடுக்காதே.

அந்த அண்ணன் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. அவரும் நம்பித்தான் கூப்பிடுகிறார். நம் பக்கத்தில் இது பரவுவதே அப்படித்தான். முகம் தெரியாதவன் கூப்பிட்டால் யோசிப்போம், சொந்தக்காரர் கூப்பிட்டால் கேள்வி கேட்கக் கூச்சப்படுவோம். முப்பது வருஷம் கொழுந்து பறித்த காசு அது. கூச்சப்படாமல் கேள்.

துபாயில் வேலை செய்யும் ஹட்டன் தம்பி: இங்கே கிரிப்டோ வாங்க எது நல்ல வழி? வாங்கி அப்படியே ஊருக்கு அனுப்பினால் கமிஷன் மிச்சம் என்கிறார்களே?

வாங்குவதற்கு உனக்கு நல்ல வழி இருக்கிறது. துபாயில் இதற்கென்றே வாரா என்ற ஆணையத்தை 2022இல் அமைத்தார்கள். அதன் இணையதளத்தில் உரிமம் பெற்ற நிறுவனங்களின் பட்டியல் இருக்கிறது. பட்டியலில் இருக்கும் ஒன்றில் எமிரேட்ஸ் ஐடி கொடுத்துக் கணக்குத் திற. துபாய் தேராவில் கையில் காசை வாங்கிக்கொண்டு காயின் தருகிறேன் என்பவரிடம் போகாதே.

ஊருக்கு அனுப்புவது வேறு கதை. நீ அனுப்பும் காயினை இங்கே யாரோ வாங்கி, அம்மாவின் கணக்கில் ரூபாய் போடுவார். அந்த ரூபாய் எங்கிருந்து வந்தது என்று உனக்கும் தெரியாது, அம்மாவுக்கும் தெரியாது. மோசடிக் காசாக இருந்தால் முடக்கப்படுவது அம்மாவின் கணக்கு, விசாரணைக்குப் போவதும் அம்மா. என் சொந்தத்திலேயே ஒரு அக்காவுக்கு இப்படி நடந்து, பிள்ளையின் பள்ளிக்கூடச் செலவுக்கு வைத்திருந்த காசைப் பல மாதம் தொட முடியவில்லை. வங்கி வழியாகவே அனுப்பு, அந்தக் கமிஷன் போனால் போகட்டும்.

குவைத்: வீட்டு வேலை செய்கிறேன். போனில் கொஞ்சம் வாங்கி வைக்கலாமா அக்கா?

அங்கே இருக்கும்வரை வேண்டாம் தங்கச்சி. குவைத் 2023 ஜூலையில் கிரிப்டோவால் காசு கட்டுவதையும் முதலீட்டையும், கணினியால் புதுக் காயின் எடுக்கும் மைனிங்கையும் முழுக்கத் தடை செய்தது. துபாயில் இருப்பவர் செய்கிறாரே என்று பார்க்காதே. வளைகுடாவில் நாட்டுக்கு நாடு சட்டம் வேறு.

கோத்தகிரி: எங்கள் தாத்தா 1964 ஸ்ரீமா-சாஸ்திரி ஒப்பந்தத்தில் கண்டியிலிருந்து வந்தவர். இந்தியாவில் கிரிப்டோ வரி எப்படி?

சொந்த ஊரிலிருந்து கேள்வி வந்த மாதிரி இருக்கிறது, தம்பி. இந்தியாவில் 2022 ஏப்ரலிலிருந்து லாபத்தில் 30 சதவீதம் வரி. 2022 ஜூலையிலிருந்து விற்கும் தொகையில் 1 சதவீதம் முன்கூட்டியே பிடித்துக்கொள்கிறார்கள். பலர் கவனிக்காத இடம் நட்டம். ஒரு காயினில் 10,000 ரூபாய் லாபம், இன்னொன்றில் 10,000 ரூபாய் நட்டம் என்றால் கையில் ஒன்றும் இல்லை. ஆனாலும் 3,000 ரூபாய் வரி கட்டவேண்டும், ஏனென்றால் நட்டத்தைக் கழிக்க விடமாட்டார்கள். அடிக்கடி வாங்கி விற்பவரை இது தின்றுவிடும்.

காயின் வாங்கி விற்க உதவும் நிறுவனத்தைத்தான் எக்ஸ்சேஞ்ச் என்பார்கள். இந்திய நிதிப் புலனாய்வுப் பிரிவில் பதிவு செய்த எக்ஸ்சேஞ்சாகப் பார். பதிவு இருக்கிறது என்பதற்காக அங்கேயே எல்லாவற்றையும் விட்டுவைக்காதே. 2024 ஜூலையில் வசீர்எக்ஸ் என்ற எக்ஸ்சேஞ்சிலிருந்து சுமார் 23 கோடி டொலர் திருடப்பட்டது. வாடிக்கையாளர்கள் ஒரு வருஷத்துக்கு மேல் காத்துக்கிடந்தார்கள்.

லண்டன்: இங்கே வாங்குவதும் வரியும் எப்படி?

பிரிட்டன் நிதி ஒழுங்குமுறை ஆணையமான எஃப்.சி.ஏ.யின் பதிவேட்டில் பேரைத் தேடிவிட்டு வாங்குங்கள். 2024 ஏப்ரலிலிருந்து வருஷத்துக்கு 3,000 பவுண்டுக்கு மேல் வரும் மூலதன லாபத்துக்கு வரி உண்டு. ஒரு காயினைக் கொடுத்து இன்னொன்றை மாற்றினாலும் அது விற்பனைதான். வாங்கிய தேதியையும் விலையையும் அன்றன்றைக்கே எழுதி வையுங்கள்.

ஹட்டன்: வெளிநாட்டு ஆளுக்கு டிசைன் வேலை செய்கிறேன். டொலர் விலையோடு கட்டிய யூஎஸ்டிடி காயினில் காசு தருகிறேன் என்கிறார்.

முடிந்தால் வங்கிக்கு டொலராக அனுப்பச் சொல். வங்கி வழியாக வரும் வெளிநாட்டுச் சேவை வருமானத்துக்கு 2025 ஏப்ரலிலிருந்து வரி கூடினால் 15 சதவீதம்தான். வருமானத்துக்கு ஆதாரமும் இருக்கும். நாளைக்கு வீட்டுக் கடன் கேட்கும்போது அந்த ஆதாரம்தான் பேசும்.

யூஎஸ்டிடியாகவே வாங்க நேர்ந்தால் நெட்வேர்க்கைக் கவனி, அது காயின் போகும் பாதை. ட்ரொன், ஈத்தரியம் என்று பல பாதைகள் உண்டு. ட்ரொன் முகவரி 'டி' என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும், ஈத்தரியம் முகவரி பூச்சியம்-எக்ஸில் தொடங்கும். மாறி அனுப்பினால் பெரும்பாலும் போனது போனதுதான். முதலில் 5 டொலர் அனுப்பச் சொல்லி, வந்ததைப் பார்த்துவிட்டு மீதியை வாங்கு.

கண்டி: பீ-டூ-பீயில் விற்கும்போது எதைக் கவனிக்கவேண்டும்?

காசு வந்துவிட்டது என்று அவர் அனுப்பும் ஸ்கிரீன்ஷொட்டை நம்பாதீர்கள், எஸ்.எம்.எஸ்.ஸையும் நம்பாதீர்கள். உங்கள் வங்கி ஆப்பில் மீதியைப் பார்த்த பிறகே காயினை அவருக்கு விடுங்கள். அனுப்பியவரின் பேரும் எக்ஸ்சேஞ்சில் இருக்கும் பேரும் ஒன்றாக இருக்கவேண்டும். 'தம்பியின் கணக்கிலிருந்து போட்டேன்' என்றால் காசைத் திருப்பி அனுப்பிவிட்டு அதோடு நிறுத்துங்கள்.

அப்புத்தளை: கொஞ்சம் பிட்கொயின் சேர்த்திருக்கிறேன். எக்ஸ்சேஞ்சில் விடவா, போனில் வைக்கவா, யூஎஸ்பி மாதிரி ஒரு சாமான் விற்கிறார்களே, அதை வாங்கவா?

காயின் போனிலும் இல்லை, அந்தச் சாமானிலும் இல்லை. அது உலகம் முழுக்க ஆயிரக்கணக்கான கணினிகளில் இருக்கும் ஒரு கணக்குப் புத்தகத்தில் இருக்கிறது. நம்மிடம் இருப்பது சாவி மட்டும். எக்ஸ்சேஞ்சில் விடுவது அடகுக் கடையில் நகையை விட்ட மாதிரி, நம் கையில் ரசீதுத் துண்டுதான் இருக்கும். 2014இல் மவுண்ட் கொக்ஸ் என்ற எக்ஸ்சேஞ்ச் விழுந்தது. 2022 நவம்பரில் எஃப்டிஎக்ஸ் எக்ஸ்சேஞ்ச் விழுந்தது. துண்டு வைத்திருந்தவர்கள் நீதிமன்றத்தில் வருஷக்கணக்கில் நின்றார்கள்.

சின்னத் தொகைக்குப் போன் வொலட், அதாவது சாவியை வைக்கும் ஆப், போதும். ஒரு மாதச் சம்பளத்துக்கு மேல் சேர்ந்தால் நீங்கள் கேட்ட அந்தச் சாமானை, அதாவது ட்ரெசர், லெட்ஜர் மாதிரியான ஹார்ட்வெயர் வொலட்டை வாங்கலாம். தயாரிப்பாளரிடமிருந்தோ அவர்கள் அங்கீகரித்த விற்பனையாளரிடமிருந்தோ மட்டும் வாங்குங்கள். பெட்டியைத் திறக்கும்போதே ரகசியச் சொற்கள் அச்சிட்டு உள்ளே இருந்தால் அது திருடன் வைத்த பொறி.

வொலட்டைத் தொடங்கும்போது அது 12 அல்லது 24 ஆங்கிலச் சொற்களைத் தரும். அந்தச் சொற்கள்தான் சாவி. சாமான் உடைந்தாலும் சொற்கள் இருந்தால் காசு இருக்கும். சொற்கள் இன்னொருவர் கைக்குப் போனால் சாமான் பூட்டிய அலுமாரியில் இருந்தாலும் காசு இல்லை. அதைப் படம் எடுக்காதீர்கள், வட்ஸ்அப்பில் உங்களுக்கே அனுப்பி வைக்காதீர்கள். போனை ரிப்பெயருக்குக் கொடுக்கும் அன்றைக்கே அது அடுத்தவர் கண்ணில் படலாம்.

நான் செய்த தவறைச் சொல்கிறேன். ஜெல் பேனாவால் கடதாசியில் எழுதி, தகரக் கூரைக்குக் கீழே பெட்டியில் வைத்தேன். நம் மலையின் ஈரத்தைத்தான் தெரியுமே. ஒரு மழைக்காலம் முடிந்து எடுத்துப் பார்த்தால் மை ஊறி, ஒரு சொல்லில் முதல் எழுத்து மட்டும் மிஞ்சியிருந்தது. அந்தச் சொற்கள் 2,048 சொற்கள் கொண்ட பொதுவான பட்டியலிலிருந்து வருபவை என்பதால், அந்த எழுத்தில் தொடங்குவதை எல்லாம் ஒவ்வொன்றாகப் போட்டு ராத்திரி முழுக்க உட்கார்ந்து கண்டுபிடித்தேன். இரண்டு, மூன்று சொல் போயிருந்தால் என்னால் முடிந்திருக்காது.

இப்போது எவர்சில்வர் தகட்டில் வைத்திருக்கிறேன். பாத்திரக் கடையில் பேர் வெட்டுவார்களே, அந்த மாதிரிதான். ஆனால் கடைக்காரரிடம் கொடுக்கக் கூடாது, நாமே வெட்டவேண்டும். பட்டியலில் எந்த இரண்டு சொல்லுக்கும் முதல் நான்கு எழுத்து ஒன்றாக வராது. அதனால் ஒவ்வொன்றிலும் நான்கு எழுத்து வெட்டினால் போதும். இரண்டு தகடு செய்து இரண்டு ஊரில் வையுங்கள். 2014 மண்சரிவில் மீரியபெத்தைத் தோட்டத்தின் லயங்களே மண்ணுக்குள் போனதைப் பார்த்தவர்கள் நாம். ஒரே வீட்டில் இரண்டு பிரதி வைப்பது ஒன்று வைப்பதற்குச் சமம்.

பெரிய தொகையைப் போடுவதற்கு முன், சின்னத் தொகையைப் போட்டு, வொலட்டை அழித்து, தகட்டைப் பார்த்து மீட்டுப் பாருங்கள். மீட்டுப் பார்க்காத தகட்டை நம்பவேண்டாம்.

மஸ்கெலியா: திருடுபோன காயினை மீட்டுத் தருகிறோம் என்று டெலிகிராமில் பேசுகிறார்கள்.

அவர்கள் இரண்டாவது திருடர்கள். பதில் போடாமல் எல்லா மெசேஜையும் எடுத்துக்கொண்டு பொலிஸில் முறைப்பாடு கொடுங்கள்.

இராகலை: பிள்ளை, நான் ஓய்வுபெற்ற ஆசிரியர். மகன் வாங்கித் தந்த பிட்கொயின் கொஞ்சம் இருக்கிறது. நான் போய்விட்டால் மனைவிக்கு எப்படிக் கிடைக்கும்?

சேர், வங்கியில் பின்னுரித்தாளர் பேர் எழுதிக் கொடுக்கலாம். இதில் சொற்கள் இருப்பவருக்குத்தான் காசு. ஒரு கடிதம் எழுதுங்கள். எந்த வொலட், சாமான் எங்கே, தகடு எங்கே, யாரிடம் கேட்கவேண்டும் என்று எழுதினால் போதும், சொற்களை அதில் எழுதவேண்டாம். கடிதம் உங்கள் மனைவி டீச்சரிடம் இருக்கட்டும்.

ஆனால் கடிதத்தை மட்டும் வைத்துக்கொண்டு அவர் தனியாகத் தடுமாறக் கூடாது. அடுத்த பௌர்ணமி போயா லீவுக்கு இரண்டு பேரும் பண்டாரவளைக்கு வாருங்கள். பழைய போன் ஒன்றில் 500 ரூபாய்ப் பெறுமதியைப் போட்டு அழித்துவிடுவோம். டீச்சரே சொற்களைத் தட்டி மீட்கட்டும். நீங்களும் நானும் பக்கத்தில் பேசாமல் உட்கார்ந்திருப்போம்.