பழுப்புக் குறுமீன் ஆய்வு என் மகளுக்குச் சோறு போடுமா?

அன்புள்ள அம்மையாருக்கு,

பி.எஸ்சி. இயற்பியல் மூன்றாம் ஆண்டு படிக்கும் தங்கள் மகள், ஆங்கிலத்தில் 'பிரவுன் டுவார்ஃப்' எனப்படும் பழுப்புக் குறுமீன்கள் என்னும் வான்பொருள்களின் ரேடியோ அலைகளை ஆராய விரும்புவதாகவும், அதில் எதிர்காலம் உண்டா என்று தாங்கள் கலங்குவதாகவும் எழுதியிருந்தீர்கள்.

விண்மீனைப் போல் ஹைட்ரஜனை எரித்து நிலைத்து ஒளிரப் போதிய நிறை இல்லாத இப்பொருள்கள் குளிர்ந்தவை என்பதால், இவற்றிலிருந்து ரேடியோ அலை கிடைக்கும் என வல்லுநர்கள் எதிர்பார்க்கவில்லை. 2000ஆம் ஆண்டுக் கோடையில், அமெரிக்காவின் நியூ மெக்சிகோவிலுள்ள வி.எல்.ஏ. ரேடியோ தொலைநோக்கி நிலையத்துக்குப் பயிற்சிக்கு வந்த மாணவர்கள் எல்.பி. 944-20 என்னும் குறுமீனை நோக்கியபோது, கணிப்பைவிடப் பல ஆயிரம் மடங்கு வலுவான அலைகள் பதிவாயின. இத்துறையின் கதவைத் திறந்தவர்களே மாணவர்கள் என்பதைத் தாங்கள் மனத்தில் கொள்ள வேண்டும்.

இந்த அலைகள் ஒரே சீராக வருவதில்லை. விண்மீனுக்கும் பழுப்புக் குறுமீனுக்கும் இடைப்பட்ட எல்லையில் நிற்கும் டி.வி.எல்.எம். 513 என்னும் பொருள், தான் ஒருமுறை சுழலும் 1.96 மணி நேரத்துக்கு ஒருமுறை கலங்கரை விளக்கம்போல் துடிப்பதை 2007இல் வெளியான ஆய்வு காட்டியது. வியாழனின் துருவ ஒளியோடு எழும் ரேடியோ அலைகளைப் போலவே, காந்தப்புலத்தில் சுழலும் எலக்ட்ரான்களே இத்துடிப்புகளுக்கும் காரணம். காந்தப்புலத்தை அளக்கும் அலகான 'காஸ்' ஒன்றுக்கு 2.8 மெகாஹெர்ட்ஸ் என்ற கணக்கில், அலையின் அதிர்வெண்ணே காந்தப்புலத்தின் வலிமையைச் சொல்லிவிடும். ஆயினும் சில மாதங்கள் கழித்து நோக்கினால் துடிப்பின் வடிவம் மாறியிருக்கலாம். இரைச்சலுக்கு நடுவே உண்மையான ஏற்ற இறக்கத்தைப் பிரித்தறியப் புள்ளியியலும் நிரலாக்கமும் கைவர வேண்டும்; தங்கள் கவலைக்கான விடையும் இங்கேதான் இருக்கிறது, ஏனெனில் இத்திறன்களைத் தரவுப் பகுப்பாய்வு நிறுவனங்களும் தேடுகின்றன.

நிரந்தர ஆய்வுப் பணியிடங்கள் குறைவு என்பதை நான் மறைக்க மாட்டேன். முனைவர் பட்டத்துக்கு ஐந்தாறு ஆண்டுகள் ஆகும். தேசியத் தகுதித் தேர்வான நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆய்வாளர்) தகுதி பெறுவோருக்கு முதலில் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை உண்டு. 1970 முதல் இயங்கும் ஊட்டி ரேடியோ தொலைநோக்கியையும், புனேக்கு அருகே 45 மீட்டர் விட்டமுள்ள 30 அலைவாங்கிகளைக் கொண்ட ஜி.எம்.ஆர்.டி. ரேடியோ தொலைநோக்கியையும் நடத்தும் தேசிய ரேடியோ வானியற்பியல் மையத்தில் சேர, ஆய்வு நிறுவனங்களுக்கான பொது நுழைவுத் தேர்வான ஜெஸ்ட் ஒரு வழியாகும்.

எம்.எஸ்சி.யை இயற்பியலிலேயே முடிக்கட்டும். வானியலுக்கென்று தனிப் பட்டம் இப்போது வேண்டாம். இந்தப் பருவத்திலேயே பைத்தான் என்னும் நிரல்மொழியைக் கற்கத் தொடங்கச் சொல்லுங்கள். ஒருமுறை ஊட்டிக்கு அழைத்துச் சென்று, மலைச்சரிவில் 530 மீட்டர் நீண்டு கிடக்கும் அந்தத் தொலைநோக்கியைத் தாங்களும் அவளோடு நின்று பாருங்கள்.