மொட்டைச் சுவர்களில் என்ன இருக்கிறது?

ஐயா, வணக்கம். சொந்த ஊர் குடியாத்தம், வேலை அபுதாபியில். போன மாதம் குடும்பத்தோடு சர் பனி யாஸ் தீவுக்குப் போனோம். பழைய கிறிஸ்தவ மடாலயம் என்றார்கள். பார்த்தால் வெறும் மொட்டைச் சுவர்கள். பிள்ளைகள் ஒட்டகச்சிவிங்கி பார்க்க ஓடிவிட்டார்கள். அங்கே என்னதான் பார்ப்பது?
— ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

அடுத்த முறை தேவாலயத்தோடு திரும்பிவிடாதீர்கள். கொஞ்சம் தள்ளி, முற்றம் வைத்த சிறு வீடுகளின் அடித்தளம் இருக்கிறது. துறவிகள் தனித்திருந்து ஜெபித்த வீடுகள் அவை என்கிறார்கள். அங்கேதான் சுண்ணச்சாந்தில் செய்த சிலுவை ஒன்று கிடைத்ததாக 2025-இல் அறிவித்தார்கள். நீளம் 27 செ.மீ., அகலம் 17. நம் பிள்ளைகளின் சிலேட்டு அளவுதான். சிலுவையின் அடியில் படிகள். அந்த அடியிலிருந்தே இலைகள் துளிர்க்கின்றன. மரித்த மரம் தழைக்கிறது என்று சாந்தைக் குழைத்துச் சொல்லியிருக்கிறார் யாரோ ஒருவர். எனக்கு அந்தத் தீவின் பெரிய செல்வம் இதுதான்.

இதே படியையும் இலையையும் சென்னைப் பரங்கிமலையில் பார்க்கலாம். 1547-இல் போர்த்துக்கீசியர் தோண்டியபோது கிடைத்த கற்சிலுவை, சுற்றிலும் பாரசீகத்துப் பஹ்லவி எழுத்து. இரண்டுக்கும் பின்னால் இருப்பது, சிரியாக் மொழியில் வழிபட்ட, பாரசீகத்தில் வேரூன்றிய பழைய கிறிஸ்தவப் பிரிவான கீழைத் திருச்சபை. நீங்கள் விமானத்தில் தாண்டுகிற அதே கடலை அவர்கள் பாய்மரத்தில் தாண்டினார்கள்.

இன்னொன்று. சர் பனி யாஸ் மடாலயத்தை 1992-இல் கண்டறிந்து, பிறகு தோண்டியபோது அங்கே இடித்த தடயமோ எரித்த தடயமோ இல்லை. இஸ்லாம் பரவிய பிறகும் ஏறத்தாழ நூறாண்டு, 8-ஆம் நூற்றாண்டு வரை, ஜெபம் சொல்லி வாழ்ந்துவிட்டு அமைதியாகப் போயிருக்கிறார்கள். இதை உங்கள் பிள்ளைகளுக்குக் கட்டாயம் சொல்லுங்கள்.

சின்ன வயதில் ஆடிக் கிருத்திகைக்குப் பாட்டியோடு நம் வேலூர்ப் பக்கத்து வள்ளிமலை ஏறுவேன். முருகனைக் கும்பிட்டுப் புளிசாதம் சாப்பிட்டு இறங்கிவிடுவோம். அதே மலையில் சமணர் குகை இருப்பதை முப்பது வயதுக்கு மேல்தான் பார்த்தேன். பாறையில் வரிசையாகச் சமணர் வணங்கும் தீர்த்தங்கரர்கள். கங்க மன்னன் ராஜமல்லன் செய்வித்தது என்று கல்வெட்டே சொல்கிறது. அன்று அந்த நிழலில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். இத்தனை வருஷம் பக்கத்திலேயே நடந்து போயிருக்கிறேனே என்று அழுகை வந்தது.

டிசம்பரில் ஊருக்கு வந்தால் சொல்லுங்கள், பிள்ளைகளோடு சேர்ந்தே போவோம். காலையிலேயே ஏறிவிட வேண்டும். வெயில் ஏறினால் பாறையில் கால் வைக்க முடியாது.