குறிப்பேடு ஏந்திய படிப்பு

அன்புள்ள அம்மா,

மனையியலில் இளநிலை முடித்துவிட்டு, மனித மேம்பாடும் குடும்பவியலும் என்ற பிரிவில் முதுநிலை இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். யாரேனும் கேட்டால் 'சைக்காலஜி மாதிரி' என்று அப்பா சொல்லிவிடுகிறார். உறவினர்கள் சமையல் படிப்பு என்றே நினைக்கிறார்கள். என் வகுப்பில் பாதிப் பேர் பி.எட். சேரப் போகிறார்கள். சிலர் ஆறு வாரச் சான்றிதழ் ஒன்றை வாங்கிக்கொண்டு உளவியல் ஆலோசகர் என்று பலகை வைக்கலாம் என்கிறார்கள். குழந்தைகளோடும் குடும்பங்களோடும் வேலை செய்ய வேண்டும் என்பது என் விருப்பம். இந்தப் பட்டத்துக்கென்று வேலை ஏதும் இருக்கிறதா?

செ., ஈரோடு

அன்புள்ள செ.,

உங்கள் பட்டத்தின் பெயரிலேயே அமைந்த பதவி எங்கும் கிடையாது. உங்கள் தயக்கத்தில் பெரும்பகுதி இதனால் வருவதுதான். ஆனால் உங்களுக்குக் கற்பிக்கப்பட்ட ஒரு திறனுக்குப் பல இடங்களில் தேவை இருக்கிறது. குழந்தையை அதன் குடும்பத்தோடு சேர்த்துப் பார்ப்பதும், பார்த்ததைத் தீர்ப்பு கலக்காமல் எழுதுவதும்தான் அந்தத் திறன்.

பல ஆண்டுகளுக்கு முன் நான் களப்பணி செய்த ஊரின் அங்கன்வாடியில், மூன்று வயதை நெருங்கியும் பேச்சு வராத சிறுவன் ஒருவன் இருந்தான். தனியார் ஆலோசனை மையம் ஒன்று, ஒரே அமர்வில், அவனுக்கு ஆட்டிசம் என்று சொல்லி அனுப்பியிருந்தது. எங்களோடு வந்திருந்த முதுநிலை மாணவி நான்கு நாட்கள் ஒரு மூலையில் உட்கார்ந்து, அவன் செய்வதைக் கால் மணிக்கு ஒருமுறை எழுதினாள். முகம் பார்த்துச் சிரிக்கிறான், வேண்டியதை விரல் நீட்டிக் காட்டுகிறான், மற்ற பிள்ளைகள் ஓடினால் தானும் ஓடுகிறான், பின்னாலிருந்து கூப்பிட்டால் மட்டும் திரும்புவதில்லை. நோயின் பெயர் எதையும் அவள் எழுதவில்லை. செவித்திறன் பரிசோதனை தேவை என்று மட்டும் குறித்தாள். இரு காதுகளிலும் கேட்கும் திறன் குறைந்திருப்பதை அரசு மருத்துவமனையில் கண்டறிந்தார்கள். மொழி வேர்பிடிக்க வேண்டிய வயதில் ஓராண்டு வீணாய்ப் போயிருந்தது. அதை நினைத்தால் இன்றும் எனக்கு மனம் ஆறுவதில்லை.

காது கேட்கும் கருவி பொருத்திய பிறகுதான் உங்கள் படிப்பின் மறுபாதி தேவைப்பட்டது. தாய் நூற்பாலையில் ஷிப்டு வேலை பார்த்தார். பகலில் பிள்ளை பாட்டியிடம் இருந்தான். தாய்க்குச் சொல்லிக்கொடுத்த பேச்சுப் பயிற்சி வீட்டில் நடக்கவே இல்லை. அந்த மாணவி பாட்டியின் பக்கத்தில் அமர்ந்து, காய் நறுக்கும்போதும் குளிப்பாட்டும்போதும் என்னென்ன பேச வேண்டும் என்று பழக்கினாள். குழந்தை காலடி வைத்தறியாத தாயின் வேலையிடமும் அதன் வளர்ச்சியைத் தீர்மானிக்கிறது என்று வளர்ச்சி உளவியலாளர் யூரி பிரான்ஃபென்பிரென்னர் சொன்னதைத் தேர்வுக்காக நீங்கள் படித்திருப்பீர்கள். களத்தில் அது ஆலையின் ஷிப்டு அட்டவணையாக வந்து நிற்கும்.

இனி வேலைகளுக்கு வருகிறேன். 1975 அக்டோபர் 2 அன்று 33 வட்டாரங்களில் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தில் மேற்பார்வையாளர், திட்ட அலுவலர் பதவிகள் இருக்கின்றன. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின் கீழ் இயங்கும் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுகளில், ஒரு குழந்தையின் வீட்டுச் சூழலை நேரில் கண்டு சமூக விசாரணை அறிக்கை எழுதும் பணி இருக்கிறது. அந்த அறிக்கையைப் படித்துத்தான் குழந்தை நலக் குழு குழந்தையை வீட்டுக்கு அனுப்புவதா, இல்லத்தில் வைப்பதா என்று முடிவெடுக்கிறது. ஆகவே அதை அரைகுறையாக எழுதுவதைப் பெருந்தவறு என்பேன். 1984ஆம் ஆண்டின் குடும்ப நீதிமன்றச் சட்டம் ஆலோசகர்களுக்கு இடமளிக்கிறது. ஐம்பது பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் நிறுவனங்களில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்ற விதியை மகப்பேறு நலச் சட்டத்தில் 2017இல் செய்த திருத்தம் கொண்டுவந்தது. அவற்றை நடத்த, தொட்டில் ஆட்டத் தெரிந்தவர் போதாது, வளர்ச்சிப் படிநிலைகளை அறிந்தவர் வேண்டும். கல்லூரியில் கற்பிக்க விரும்பினால் 'நெட்' தேர்வில் மனையியல் தாள் இருக்கிறது.

இவற்றில் பல ஒப்பந்தப் பணிகள் என்பதையும், ஊதியம் உழைப்புக்கு ஈடாக இருப்பதில்லை என்பதையும் மறைக்க நான் விரும்பவில்லை. இன்னொன்றையும் இப்போதே செய்துவிடுங்கள். அரசுப் பணி அறிவிப்பில் உள்ள பட்டப் பெயரும் உங்கள் சான்றிதழில் உள்ள பெயரும் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால், இணையான பட்டம் என்ற அரசாணை இருக்கிறதா என்று துறைத்தலைவரிடம் கேளுங்கள். விண்ணப்பிக்கும் கடைசி வாரத்தில் இதற்காக அலைந்து வாய்ப்பை இழந்தவர்களை நான் அறிவேன்.

ஆலோசகர் பலகை வேண்டாம். 1992ஆம் ஆண்டின் இந்திய மறுவாழ்வுக் குழுமச் சட்டப்படி, மருத்துவ உளவியலாளராகவோ சிறப்புக் கல்வியாளராகவோ பணிபுரிய மத்தியப் பதிவேட்டில் பெயர் இருக்க வேண்டும். பதிவின்றிப் பணிபுரிந்தால் தண்டனையும் உண்டு. ஆறு வாரச் சான்றிதழ் அந்தப் பதிவைப் பெற்றுத் தராது. நான் சொன்ன சிறுவன் ஓராண்டை இழந்தது இத்தகைய பலகை ஒன்றை நம்பியதால்தான். மாற்றுத்திறன் குழந்தைகளோடு பணிபுரிய மனம் இருந்தால், பொதுவான பி.எட். படிப்புக்குப் பதிலாக, அந்தக் குழுமம் அங்கீகரித்த சிறப்புக் கல்விப் பி.எட். படிப்பில் சேருங்கள். உங்கள் முதுநிலை அறிவு அங்கே முழுவதும் பயன்படும்.

மீதமுள்ள பருவத்தில் களப்பணிக்கு இடம் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு கிடைத்தால், வளர்ச்சிக் குறைபாடுகளைச் சிறு வயதிலேயே கண்டறிந்து உதவும், உங்கள் மாவட்டத்திலுள்ள ஆரம்ப இடையீட்டு மையத்தைக் கேட்டுப் பாருங்கள். குழந்தை மருத்துவர், பேச்சுப் பயிற்சியாளர், இயன்முறை மருத்துவர் ஆகியோர் ஒரே குழந்தையைத் தத்தம் கோணத்தில் பார்ப்பதையும், அந்தப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வரும் தாய்க்கு வீட்டில் யார் துணை என்று கேட்க அங்கே யாருக்கும் நேரமில்லாமல் போவதையும் காண்பீர்கள். அந்தக் கேள்வியைக் கேட்டு, கிடைத்த பதில்களை உங்கள் குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். பெயர்களை நீக்கிவிட்டு, அதில் இரண்டு பக்கங்களை எனக்கு அனுப்பினால் படித்துவிட்டு எழுதுகிறேன்.