மருந்துக்கடை பில் எங்கே?

கே: அப்பாவுக்கு பிரஷர் மாத்திரை பத்து வாங்கினேன். கத்தரித்துக் கொடுத்த அட்டையில் மருந்தின் பெயரும் முழுதாக இல்லை, தேதியும் இல்லை. போட்டதிலிருந்து தலைசுற்றல். கடையில் போய்க் கேட்டால் “இது எங்க மாத்திரையே இல்ல” என்கிறார்கள். பில் வாங்கவில்லை. (பாலக்கோடு)

ப: அடுத்த வேளைக்கு முன்பே மிச்ச மாத்திரையோடு டாக்டரிடம் காட்டுங்கள். சண்டை அப்புறம்.

இனி என் பழைய புலம்பல். பேட்ச் எண்ணும் காலாவதி மாதமும் அட்டையின் ஒரு ஓரத்தில்தான் அச்சாகியிருக்கும். அந்த ஓரம் கடையிலேயே தங்கிவிட்டால், உங்கள் கையில் இருப்பது பெயரில்லாத மாத்திரை. அதனால்தான் பில். டாக்டர் சீட்டுக்குக் கொடுக்கும் மருந்துக்கு, தயாரித்த கம்பெனி, பேட்ச் எண், காலாவதித் தேதி எல்லாம் பதிவாக வேண்டும், பார்மசிஸ்ட் கையெழுத்தும் வேண்டும் என்று 1945-ஆம் ஆண்டு மருந்து விதிகளே சொல்கின்றன. வெள்ளைத் துண்டில் “மெடிசின் 180” என்று கிறுக்கித் தருவது பில் ஆகாது. வாங்கிய மருந்தைக் கட்டணம் கட்டி அரசு ஆய்வகத்தில் பரிசோதிக்கக் கேட்கும் உரிமை சாதாரண மனிதருக்கும் உண்டு. ஆனால் எங்கே வாங்கினீர்கள் என்றால் எதைக் காட்டுவீர்கள்? இருந்தாலும் மாவட்ட மருந்து ஆய்வாளரிடம் எழுதிக் கொடுங்கள். கடையில் கொள்முதல் கணக்கு இருக்கும், அவர் பார்த்துக்கொள்வார்.

கே: ஷிப்ட் வேலை, டாக்டரிடம் போக நேரமில்லை. ஆன்டிபயாடிக் கேட்டால் சீட்டு இல்லாமல் தரமாட்டேன் என்கிறார் கடைக்காரர். புகார் கொடுக்கலாமா? (ஓசூர்)

ப: அந்தக் கடை எங்கே இருக்கிறது என்று எழுதுங்கள், இனி நான் அங்கேயே வாங்குகிறேன். அட்டையில் செங்குத்தாக ஒரு சிவப்புக் கோடு இருக்குமே, அது அலங்காரத்துக்கு இல்லை.

கே: அம்மா சந்தையில் 1,500 ரூபாய்க்கு மூட்டுவலிப் பொடி வாங்கினார். லேபிள் இல்லாத டப்பா. ஒரே வாரத்தில் வலி போனது. இரண்டு மாதமாகச் சாப்பிடுகிறார், இப்போது முகம் உப்பியிருக்கிறது. நிறுத்திவிடலாமா? (பென்னாகரம்)

ப: அம்மாவைத் திட்டாதீர்கள். முழங்கால் வலியோடு காட்டு வேலைக்குப் போகிறவரிடம் “ஒரு வாரத்தில் சரியாகும்” என்று சொன்னால் யார்தான் வாங்க மாட்டார்கள்? நானே டிவி விளம்பரம் பார்த்து வாங்கிய தைலத்தை இப்போது கதவுக் கீலுக்குப் போட்டுக்கொண்டிருக்கிறேன். ஆனால் இது தைலம் போல் போகாது. அவ்வளவு சீக்கிரம் வலி மறைந்து முகமும் உப்பினால், பொடியில் ஸ்டீராய்டு கலந்திருக்கலாம் என்றுதான் சந்தேகப்பட வேண்டும். அப்படியானால் நீங்களாகச் சட்டென்று நிறுத்துவது ஆபத்து; பிரஷர் இறங்கி ஆளே சாய்ந்துவிடலாம். இன்றே டப்பாவோடு அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள். எப்படிக் குறைத்து நிறுத்துவது என்று டாக்டர் சொல்லட்டும். சித்த மருந்தானாலும் உரிம எண், தயாரிப்பாளர் முகவரி, பேட்ச் எண் லேபிளில் இருந்தே ஆக வேண்டும். டப்பாவைக் கழுவிவிடாதீர்கள், பொடி கொஞ்சம் மிச்சம் இருந்தால்தான் புகார் நிற்கும்.

கே: அட்டையில் இந்த மாதம் காலாவதி என்று இருக்கிறது. இன்று 12-ஆம் தேதி. போடலாமா? (காரிமங்கலம்)

ப: மாதத்தின் கடைசி நாள் வரை போடலாம். முப்பது நாளைக்கு வாங்கியிருந்தால் இன்றே போய் மாற்றுங்கள்.

கே: எம்ஆர்பிக்கு மேல் ஜிஎஸ்டி தனியாக வாங்குகிறார்கள். சரியா? (காவேரிப்பட்டணம்)

ப: தப்பு. எம்ஆர்பியில் வரி அடக்கம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் போடுங்கள். பில் இருக்கிறதா?